சேவகனுக்கு ஏது வசனம்

போன மாதம் கல்லூரி நாடகக் குழுப் பிள்ளைகள் நாலு பேர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். இப்போதெல்லாம் அவர்கள் வசனம் எழுதி வைத்துக்கொள்வதே இல்லையாம். மேடையில் ஏறி நின்று அந்த நேரத்துக்குத் தோன்றுவதைப் பேசுகிறார்களாம். எங்கள் வாத்தியார் உயிரோடு இருந்திருந்தால் அந்த நாலு பேரும் ஆயுளுக்கும் பெட்டி தூக்கிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். போகும்போது ஒரு பையன் செல்போனை என் வாய்க்கு நேரே நீட்டி, "ஐயா, நீங்க மேடையில பேசின முதல் வசனம் எதுங்க?" என்று கேட்டான். யோசித்து எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் ஆவூர்ப் பக்கத்துக்காரன். வேதக்கார, அதாவது கத்தோலிக்கக் குடும்பம். என்னைச் சாமியாராக்கிப் பார்க்க அப்பாவுக்கு ஆசை. கணக்குப் பாடம் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே தள்ளியது. அப்பாவின் ஆசையிலிருந்து நானே தப்பி ஓடினேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில், இருபது வயதுக்குக் கொஞ்சம் முன்னேபின்னே, புதுக்கோட்டையில் ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்தேன்.

அது பகல் கம்பெனி. ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், ஆங்கிலப் பாடத்தில் பிள்ளைகள் படிக்கும் சீமை நாடகங்களைத் தமிழில் போடுவோம். பெயர்களையெல்லாம் தமிழ்ப் பெயராக்கிவிடுவோம். கதையும் பேச்சும் சீமையுடையது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படுதா, அதில் அரண்மனை வரைந்திருக்கும். காடு, கடல், சிறைச்சாலை எல்லாமே அந்த அரண்மனைக்கு முன்னால்தான் நடக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்கூட மணியை அடித்தால் நாடகம் தொடங்கிவிடும். வீட்டுக்கு விடுகிற மணிக்குள் அரசனைக் கொன்று, இளவரசிக்குக் கல்யாணமும் முடித்து வைத்தாக வேண்டும்.

கம்பெனியை நடத்தியவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். நிஜமாகவே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவர், வேலையை விட்டுவிட்டு வந்தவர். நாடகங்களைத் தமிழில் எழுதியதும் அவரே. கத்த மாட்டார், கை நீட்ட மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் "டேய் சூசை" என்பார். "சூசை அவர்களே, கொஞ்சம் இங்கிட்டு வாங்க" என்று ஆரம்பித்தால் தொலைந்தோம் என்று அர்த்தம்.

நாடகம் நடக்கும்போது மற்ற கம்பெனி வாத்தியார்கள் தட்டி மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பார்கள். எங்கள் வாத்தியார் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு சொல் மாறினால் கண் திறக்கும். ஒரு சொல் விட்டுப்போனாலும் திறக்கும். யாருக்காகக் கண் திறந்ததோ அவன், நாடகம் முடிந்ததும் உடைப் பெட்டியை வண்டி நிற்கும் இடம் வரை தூக்க வேண்டும். இரும்புப் பெட்டி. கிரீடம், கத்தி, கேடயம், வெல்வெட் அங்கி எல்லாம் அதற்குள்தான். நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் அரண்மனை. "இன்னிக்கு அரண்மனை யாருக்கு?" என்பதுதான் நாடகம் முடிந்ததும் எங்கள் முதல் கேள்வி.

இதென்ன அநியாயம் என்று சேர்ந்த புதிதில் அவரிடமே கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நீ ஒரு சொல்ல மாத்திட்டா, ஒனக்கு அடுத்துப் பேசுறவன் எதைப் புடிச்சுக்கிட்டுப் பேசுவான்? கெணத்துக்குள்ள எறங்குறவனுக்குக் கயிறு மாதிரிடா அது. மேல நிக்கிற நீ நெனைச்சப்ப விடக் கூடாது."

அன்னவாசலில் எனக்கு முதல் வேஷம் கிடைத்தது. சேவகன். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு அரியணைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். ஒட்டுமீசை உதட்டுக்குள் வந்து நமைச்சல் எடுக்கும், சொறியக் கூடாது. முன்வரிசைப் பிள்ளைகள் என்னை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஊரிலும் பாடுபடுவார்கள். சிரிக்கக் கூடாது. சேவகனுக்கு வசனம் எப்போது வரும் என்று வாத்தியாரிடம் கேட்டேன். "சேவகனுக்கு ஏதுடா வசனம்? நீ நிக்கிறதாலதான் அவன் ராசா" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அடுத்து பிணம். பதவி உயர்வு என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அரசனின் பிணம். உயிரோடு இருக்கும் அரசனாக நடித்தவருக்கு மூச்சிரைப்பு. அசையாமல் படுக்க அவரால் முடியாது. அதனால் அவர் செத்த பிறகு நான். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே அந்த நாடகம் வந்தது. என் ஆத்தா, அத்தைகளோடு வந்து முன்னால் உட்கார்ந்திருந்தது. முதல் நாளே சொல்லியிருந்தேன், நான் செத்த மாதிரிப் படுத்திருப்பேன், பயப்படாதே என்று. சரி சரி என்று தலையாட்டியது. ஆனால் என் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தியதும் ஆத்தா ஜெபமாலையை எடுத்துவிட்டது. அத்தைகள் சேர்ந்துகொண்டார்கள். அரசி அழுகிற அழுகைக்கு மேலே "அருள் நிறைந்த மரியே" கேட்கிறது. ஆத்தாவின் குரல் உடைவது எனக்குத் தனியாகத் தெரிந்தது. பொறுக்க முடியாமல், துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் கட்டைவிரலை ஆத்தாவுக்குத் தெரியும்படி ஆட்டினேன்.

ஆத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டது. வாத்தியார் கண்ணைத் திறந்தார்.

அன்று சொந்த ஊரில், சொந்தக்காரர்கள் பார்க்க, அரண்மனை தூக்கினேன். "இப்பத்தான செத்தான், அதுக்குள்ள வேலைக்கு வந்துட்டானே" என்று ஒரு மாமா கேலி செய்தார். ஆனால் ஒன்று மனதில் நின்றது. பொய் என்று தெரிந்திருந்தும் ஆத்தாவால் அதைத் தாங்க முடியவில்லை.

இப்போது கோட்டைப்பட்டினத்துக்கு வருகிறேன்.

அப்போது அது தஞ்சாவூர் ஜில்லா. கடலோர ஊர். முஸ்லிம் குடும்பங்களும் மீன்பிடிக் குடும்பங்களும் கலந்து இருக்கும். அங்கேதான் எனக்கு முதல் முதலாக வாயைத் திறக்கிற வேஷம் கொடுத்திருந்தார் வாத்தியார். தூதன். கதை இதுதான்: ஒரு வியாபாரி கப்பல் ஏறிப் போகிறான். மகள் அவனுக்காக ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். தூதன் ஓடி வந்து, "அம்மா, கப்பலைக் கடல் கொண்டது. ஒருவரும் மிஞ்சவில்லை" என்கிறான். மகள் மயங்கி விழுந்து எழுந்து, "இனி இந்த விளக்கு யாருக்கு?" என்று விளக்கை அணைக்கிறாள். அதற்குப் பிறகு சித்தப்பன் வந்து சொத்தைப் பிடுங்குவதும், அவள் காட்டுக்குப் போவதும், கடைசியில் செத்துப்போனதாகச் சொன்ன அப்பன் திரும்பி வருவதும். வண்டியில் போகும்போதெல்லாம் என் இரண்டு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி மாடுகளுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

காலையில் ஊர் போய்ச் சேர்ந்தோம். குடிக்கத் தண்ணீர் வாங்கிவர பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஒரு வீட்டுக்குப் போனேன். கதவுக்கு உள்ளேயிருந்தே ஒரு பெண் குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். சின்ன வயசுக் குரல்.

"கூத்து எந்நேரம்?" என்றாள்.

"மத்தியானம். நீங்களும் வரலாம்ங்க, பொம்பளையாளுக்குத் தனியா மறைப்புக் கட்டுறாங்க."

"வராமயா? முழுசாப் பாக்கணும். அவுக கரை ஏறுனதும் கதையச் சொல்லுன்னு கேப்பாக. கூத்துன்னா அவுகளுக்கு உசுரு."

"கடலுக்குப் போயிருக்காங்களா?"

"ஆமா" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியதும் பியூன் விஷயத்தைச் சொன்னார். நாலு நாளுக்கு முன்னால் பெருங்காற்று அடித்திருக்கிறது. கடலுக்குப் போன வள்ளங்களில் ஒன்று மட்டும் திரும்பவில்லை. அதில் போனவர்களில் ஒருவன் அந்த வீட்டுப் பெண்ணின் புருஷன். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை.

குடத்தை வைத்துவிட்டு நேரே வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு ஹெட்மாஸ்டரிடம் போனார். ஹெட்மாஸ்டருக்கு நாடகத்தின் கதை தெரியாது, தெரிந்ததும் அவரும் கலங்கிவிட்டார். இரண்டு பேருமாக ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் போனார்கள், நானும் பின்னாலேயே போனேன்.

"நாடகத்த நிறுத்திக்கிறோம்ங்க. இப்படி ஒரு சமயத்துல ஊருக்குள்ள வந்து கொட்டடிச்சா நல்லா இருக்காது" என்றார் வாத்தியார்.

பெரியவர் வலை முடிந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. "நிறுத்தப்படாதுங்க. வள்ளம் வரலைன்னா நாங்க எதையும் நிறுத்த மாட்டோம். கல்யாணம் வச்சிருந்தாக் கல்யாணம் நடக்கும். அந்தந்த வீட்டுல வள்ளத்துல போனவங்களுக்கும் சேத்துத்தான் சோத்துக்கு ஒலை வைக்கிறாக. ஒண்ண நிறுத்திட்டம்னா, அவங்க போய்ட்டாங்கன்னு நாமளே சொன்ன மாதிரி ஆகிரும். அந்த வார்த்தைய இங்க யாரும் வாயால சொல்லல. நீங்க நடத்துங்க."

வேறு நாடகம் போடலாம் என்றால் மற்ற உடைகள் எல்லாம் அறந்தாங்கியில் கிடந்தன. தூதன் காட்சியை எடுத்துவிட்டால் நாடகமே இல்லை. வாத்தியார் திரும்பி நடந்தார். பள்ளிக்கூட வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"சூசை, இன்னிக்குத் தூதன் நான். நீ ஈட்டியப் புடி."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த வாக்கியத்தை அந்தப் பெண்ணுக்கு முன்னால் சொல்ல எனக்கு விருப்பமில்லைதான். ஆனால் சொல்லத் தெரியாதவன் என்று என்னைத் தள்ளி வைத்தது போல இருந்தது. ஆவூரில் கட்டைவிரலை ஆட்டியவன் இங்கே நாக்கை ஆட்டிவிடுவான் என்று பயந்துவிட்டார், இவரே போய் ஒரு சொல் மாறாமல் அந்தப் பெண்ணின் காதில் போட்டுவிட்டு வரப் போகிறார் என்று நினைத்தேன். கல் நெஞ்சுக்காரர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் மீசையை ஒட்டினேன்.

மணி அடித்தது. பிள்ளைகள் தரையில், ஊர் ஆம்பளைகள் பின்னால். இடது பக்கம் சேலைகளை இணைத்துக் கட்டிய மறைப்பு, அதற்கு அந்தப்பக்கம் பெண்கள். அவள் அங்கே இருக்கிறாள் என்று தெரியும், எங்கே என்று தெரியாது. கடல் காற்றில் சேலைகள் உப்பி உப்பி அடங்கின. முன்வரிசையில் வாத்தியாரின் நாற்காலி காலியாக இருந்தது.

மகளாக நடித்தவன் கோவிந்தன். ஸ்திரீபார்ட்டில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அகல் விளக்கை ஏற்றி ஒரு முக்காலியின் மேல் வைத்துவிட்டு, "என் தந்தை கரை ஏறும்வரை இது எரியட்டும்" என்றான். நான் ஈட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வாத்தியார் ஓடி வந்தார். வருஷக்கணக்காக மேடை ஏறாதவர். மூச்சு வாங்கியது, அது நடிப்பில்லை. கோவிந்தனைப் பார்த்து, "அம்மா" என்றார். நின்றார். அவர் கண் மறைப்பின் பக்கம் போனது.

"அம்மா, கப்பல் இன்னும் கரை ஏறவில்லை" என்றார்.

ஒரு சொல் இல்லை, வாக்கியமே போய்விட்டது. ஆனால் கோவிந்தன் பழகிய கழுதை. தூதன் வாயைத் திறந்து மூடினால் விழ வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரியும். என்ன சொன்னார் என்பது காதில் ஏறுவதற்கு முன்னாலேயே "ஐயோ" என்று மயங்கி விழுந்துவிட்டான். எழுந்தான். வாத்தியாரின் முகத்தைப் பார்த்ததும்தான் ஏதோ மாறிவிட்டது என்று அவனுக்கு உறைத்தது. என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்ததைச் செய்தான். "இனி இந்த விளக்கு யாருக்கு?" என்று விளக்கின் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

வாத்தியார் அப்படியே நின்றார். ஊருக்கெல்லாம் சொல் எழுதிக் கொடுத்தவருக்கு அந்த நேரத்தில் ஒரு சொல் வரவில்லை. மறைப்புக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. யாரோ எழுந்திருக்கிறார்கள்.

"அணைக்க வேண்டாம், அம்மா" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான். ஈட்டியோடு ஓரடி முன்னால் வந்திருந்தேன். "அவர் வரும்வரை எரியட்டும். அணையாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்."

கோவிந்தன் கையை எடுத்துவிட்டான். உண்மையான நடிகன் அவன், சட்டென்று பிடித்துக்கொண்டான். விளக்கை இரண்டு கையாலும் மறைத்து, திரியைத் தூண்டிவிட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். வளையல் சத்தம் அடங்கியது. எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது பெரிய கூத்து. விளக்கைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன் அல்லவா, அதனால் எனக்கு வேலையில்லாத காட்சியிலும் நான் நிற்க வேண்டியதாயிற்று. சிறைச்சாலையிலும் நின்றேன். காட்டுக்குள்ளும் நின்றேன், விளக்கும் ஈட்டியுமாக. காற்று அடிக்கும்போதெல்லாம் கேடயத்தை வைத்து மறைத்தேன். சித்தப்பன் வந்து அப்பன் செத்துப்போனான் என்று சொல்கிற இடத்தில், பின்னாலிருந்த ஊர்க்காரர் ஒருவர், "பொய் சொல்றான், நம்பாத தாயி" என்று எழுந்து நின்று சொன்னார். கடைசியில் அப்பன் வந்து விளக்கின் முன்னால் நின்றபோது யாரும் கைதட்டவில்லை. மறைப்புக்குப் பின்னால் பல பெண்கள் ஒன்றாக அழுதார்கள்.

வேஷம் கலைத்துவிட்டு வந்து பார்த்தால், வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"நீங்க எதுக்குங்க? வண்டிக்காரர வரச் சொல்றேன்" என்றேன்.

"எழுதுனத மாத்துனவன்தான தூக்கணும்? அந்தப் பக்கம் புடி."

"நானுமா?"

"சேவகனுக்கு ஏதுடா வசனம்?" என்றார்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து மணலில் நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன், என்னையே மாற்றிச் சொல்லச் சொல்லியிருக்கலாமே என்று. "ஒன்னைய ஒரு தடவ மாத்தச் சொன்னா, நாளைக்கு ஊருக்கு ஒரு காரணம் வச்சிருப்ப. எனக்கு இந்த ஒரு தடவ ஆயுசுக்கும் போதும்" என்றார். காலையிலிருந்து திட்டியதற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அந்த வீட்டைத் தாண்டும்போது கதவு கொஞ்சம் திறந்தது. "கதை பெருசா இருக்கு. மறக்காமச் சொல்லணும்" என்றாள் அவள், யாரிடம் என்றில்லாமல். வாத்தியார் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுங்க தாயி. ஒண்ணும் விடாமச் சொல்லுங்க" என்றார்.

அறந்தாங்கியில் அடுத்த நாடகம். தூதனை எனக்கே கொடுத்தார். "கப்பலைக் கடல் கொண்டது" என்று எழுதியபடியே சொன்னேன். கோவிந்தன் விளக்கை அணைத்தான். முன்வரிசையில் மூடிய கண் திறக்கவில்லை.

அந்த வள்ளம் வந்ததா என்று பிறகு பல பேரிடம் கேட்டேன். ஒருவர் வந்துவிட்டது என்பார். இன்னொருவர் அது வேறு வள்ளம் என்பார். ஒரு கட்டத்துக்குப் பிறகு கேட்கவே பயமாகிவிட்டது, விட்டுவிட்டேன். அந்தக் கடற்கரைப் பக்கம் எங்கள் கம்பெனி திரும்பப் போகவும் இல்லை. நான் தூதன், சித்தப்பன் என்று ஏறி, அறுபதுகளில் அப்பன் வேஷத்துக்கு வந்துவிட்டேன். பள்ளிக்கூடங்கள் எங்களைக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. வாத்தியாருக்குத் தள்ளாமை வந்துவிட்டது, இருந்தாலும் நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொள்வதை மட்டும் விடவில்லை.

அப்படி ஒரு நாள், மறுபடியும் அறந்தாங்கியில், அதே நாடகம். முடிந்து நான் தாடியைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது, பள்ளிக்கூடத்தில் படிக்கும் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். கைலி கட்டியவர், வெயிலில் கறுத்த முகம். பக்கத்து நாற்காலியில் வாத்தியார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"தப்பா நெனைக்காதீக. இம்புட்டுத் தொலவு இந்தப் புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்தேன். நீங்க கதையில ஒரு எடத்த விட்டுட்டீகளே" என்றார்.

"எதை விட்டோம்ங்க?"

"வெளக்க அணைக்கப் போகயில ஒரு சேவகன் முன்னால வந்து, அணைக்க வேணாம், அவர் வர்ற வரைக்கும் எரியட்டும்னு சொல்லணும்ல? காட்டுக்குள்ளகூட அவன்தான் வெளக்கப் புடிச்சுக்கிட்டு நிப்பான். அவன வாயத் தொறக்கவே விடலியே."

என் கையில் பாதித் தாடி இருந்தது. "நீங்க எந்த ஊர்ல பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க பாத்தேன்? அன்னைக்கு நான் கடல்ல கெடந்தேன். பாய் கிழிஞ்சு இலங்கைக் கரையில ஒதுங்கி, ஊர் வந்து சேர மாசக்கணக்காச்சு. வந்து கால வச்சதும் வீட்டுல ஒக்கார வச்சுக் கதைய முழுசாச் சொன்னாக. ஒண்ணும் விடாம."

பக்கத்தில் வாத்தியார் கண்ணைத் திறந்தார். வந்தவரை ஏற இறங்க நெடுநேரம் பார்த்தார். அந்தப் பெண்பிள்ளையையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சூசை அவர்களே" என்றார். "ஒரு சொல்ல விட்டுட்டோம். பெட்டியத் தூக்குங்க."

ஒரு பக்கப் பிடியை நான் பிடித்தேன். மறுபக்கம் பிடிக்க வாத்தியார் நாற்காலியை விட்டு எழப் பார்த்தார். அதற்குள் அந்த மனிதர், என்ன ஏது என்று கேட்காமல், "பெரியவுக இருங்க" என்று குனிந்து மறுபிடியைத் தூக்கிவிட்டார்.